ஜெயித்தால் மட்டும் பீஸ்

"கைக்காசு ஒண்ணும் வேணாம்க்கா. கேஸ் முடிஞ்சு பணம் வந்தா அதுல பாத்துக்கலாம்."

விபத்தில் ஆளைப் பறிகொடுத்துவிட்டு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற குடும்பத்துக்கு, பல சமயம் முதலில் கிடைக்கும் ஆறுதல் வார்த்தை இதுதான்.

ஆலங்குடிப் பக்கத்துப் பெண் ஒருவரை நினைத்துக் கொள்ளுங்கள். கணவர் கொத்தனார். புதுக்கோட்டையில் வேலை முடிந்து மொபெட்டில் திரும்பும்போது லாரி மோதி இறந்துவிட்டார். இரண்டு பிள்ளைகள். இருந்த நகையும் அடகில். இழப்பீடு கேட்டு வழக்குப் போட வேண்டும் என்கிறார்கள். வக்கீலுக்குக் கொடுக்க என்ன இருக்கிறது? அந்த நேரத்தில் ஒருவர் வந்து, "ஜெயிச்சா மட்டும் இத்தனை சதவீதம் குடுங்க, தோத்தா ஒண்ணும் வேணாம்" என்றால், தெய்வமே நேரில் வந்த மாதிரிதானே இருக்கும்! "சரி தம்பி" என்று நீட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டு விடுவார்.

இதில் சிக்கல் என்ன தெரியுமா? இந்தியாவில் எந்த வக்கீலும் இப்படி ஒப்பந்தம் போடக் கூடாது. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசக் கூடாது, கிடைக்கும் பணத்தில் பங்கு கேட்கவும் கூடாது என்று இந்திய பார் கவுன்சிலின் 20வது விதி சொல்கிறது. இது புதிதும் அல்ல. வசூலாகும் தொகையில் பாதி தனக்கு என்று கட்சிக்காரரோடு ஒப்பந்தம் போட்ட ஒரு வக்கீலின் செயல் தொழில் ஒழுங்கீனம்தான் என்று 1954லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அமெரிக்காவில் இதே விஷயம் வெளிப்படையாக நடக்கிறது. விபத்து வழக்குகளில் மூன்றில் ஒரு பங்கு என்பது அங்கே சகஜம். இங்கிலாந்தில் 2013 ஏப்ரல் முதல் சிவில் வழக்குகளில் இதை அனுமதித்தார்கள். ஆனால் உடல் காய வழக்குகளில் 25 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று உச்சவரம்பும் வைத்தார்கள்.

நம் ஊரில் ஏன் கூடாது? வழக்கில் வக்கீலுக்கே பங்கு இருந்தால், அவர் கட்சிக்காரருக்காக வாதாடுவாரா, தன் பங்குக்காக வாதாடுவாரா என்ற கேள்வி வருகிறது. நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. வக்கீல் அல்லாத மூன்றாம் மனிதர் ஒரு வழக்குக்குப் பணம் போட்டு, ஜெயித்த பிறகு பங்கு வாங்கிக்கொள்ள இங்கே பொதுவான தடை இல்லை. 1876லேயே பிரிவி கவுன்சில் அப்படித்தான் சொன்னது. ஒப்பந்தம் அநியாயமாக இருந்தால் மட்டுமே செல்லாது. அதாவது வட்டிக்காரர் பங்கு கேட்கலாம், வக்கீல் கேட்கக் கூடாது!

விதி இப்படி இருந்தும் சதவீதப் பேச்சு நின்றுவிடவில்லை. எழுத்தில் இல்லாமல் வாய்ப்பேச்சாகப் போகிறது, அவ்வளவுதான். ஆபத்தே அங்கேதான். எழுதி வைத்தால் உச்சவரம்பு போடலாம், கணக்குக் கேட்கலாம். வாய்ப்பேச்சுக்கு ஏது கணக்கு? 10 லட்சம் வந்தால் 20 சதவீதம் என்பது 2 லட்சம். 'செலவு தனி' என்று கடைசியில் சேர்த்துக்கொண்டால் அது எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

தெலங்கானாவில் நடந்த ஒரு வழக்கு இதற்கு நல்ல உதாரணம். 1998ல் சாலை விபத்தில் கணவரை இழந்த ஒரு பெண், இழப்பீட்டு வழக்கில் வக்கீலுக்கு ஏற்கெனவே 10 லட்சம் கொடுத்திருந்தார். அதன் பிறகும் இன்னொரு 10 லட்சத்துக்கான காசோலையில் கட்டாயப்படுத்திக் கையெழுத்து வாங்கினார் என்பது அவருடைய புகார். வங்கியில் பணம் இல்லை. காசோலை திரும்பியது. வக்கீல் அவர் மேலேயே செக் மோசடி வழக்குப் போட்டார்! 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது. தீர்ப்புத் தொகையில் சதவீதம் கேட்பது தொழில் ஒழுங்கீனம், பொது நலனுக்கும் எதிரானது என்றது.

அவர் டெல்லி வரை போய் ஜெயித்தார். எத்தனை பேரால் அப்படிப் போக முடியும்?

அப்படியானால் ஆலங்குடிப் பெண்ணுக்கு என்னதான் வழி? வழி இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12வது பிரிவின்படி, பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், சிறையில் இருப்பவர்கள் எல்லாருக்கும் இலவசமாக வக்கீல் கிடைப்பார். இவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. மற்றவர்களுக்கு மட்டும்தான் வருமானம் பார்ப்பார்கள். அந்தப் பெண், பெண் என்பதாலேயே தகுதி உள்ளவர். புதுக்கோட்டையில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். இதற்குச் சதவீதமும் இல்லை, கமிஷனும் இல்லை.

'ஓசி வக்கீல் ஒழுங்கா வாதாடுவாரா?' என்று சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. ஆணைக்குழு கொடுக்கும் கட்டணம் குறைவு என்பதும், எல்லாரும் ஒரே அக்கறையோடு நடத்துவதில்லை என்பதும் உண்மைதான். ஆனால் சதவீதத்துக்கு வருகிறவர் மட்டும் அக்கறையோடு நடத்துவார் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? சீக்கிரம் பங்கு கைக்கு வரட்டும் என்று குறைந்த தொகைக்கே சமரசம் பேசி முடித்துவிட்டால்?

உண்மையான வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. புரோக்கர் ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்துவிடுகிறார். இலவச வக்கீலைத் தேடி நாம்தான் போக வேண்டும். அழுதுகொண்டிருக்கும் குடும்பம் யார் முதலில் வருகிறாரோ அவர் கையைத்தான் பிடிக்கும். 2019ல் திருத்தி 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டம், விபத்து நடந்த 6 மாதத்துக்குள் இழப்பீட்டு மனு போட வேண்டும் என்று வேறு சொல்கிறது. யோசிக்கக்கூட நேரம் இல்லை. ஆஸ்பத்திரியிலும் போலீஸ் ஸ்டேஷனிலும் கண்ணில் படும்படி, '15100, வக்கீல் இலவசம்' என்று பெரிய எழுத்தில் ஒரு போர்டு வைக்க எவ்வளவு செலவாகிவிடும்?

1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது, புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் எழுதப் படிக்கவும் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொண்டார்கள். கைநாட்டு வைத்த கைகள் கையெழுத்துப் போட்டதைப் பெருமையாகப் பேசிய மாவட்டம் இது. அந்தக் கையெழுத்து இன்றைக்கு வெற்றுத் தாளிலும் வெற்றுக் காசோலையிலும் விழலாமா? வக்காலத்தில் கையெழுத்து போட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் படித்துப் பார்த்துவிட்டுப் போடலாம். பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லலாம். பீஸ் எவ்வளவு என்பதை ரூபாயில் கேட்கலாம். கொடுத்த பணத்துக்கு ரசீது கேட்கலாம்.

உங்கள் தெருவிலும் இப்படி ஒரு வீடு இருக்கலாம். "பணம் வந்தா பாத்துக்கலாம்க்கா" என்று சொல்லிக்கொண்டு ஒருவர் அங்கே போவதற்கு முன்னால், அந்த எண்ணை எழுதி அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.