கட்டுச்சோறும் தபாற்பெட்டியும்

என் அப்பாச்சி தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போனவர். சிறுவயதில் நாங்கள் அதைப்பற்றிக் கேட்டால் முருகனைவிடச் சாப்பாட்டைப் பற்றித்தான் கூடச் சொல்லுவார். முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு என்று கிழக்குக் கரையோரமாகப் போகும்வரை ஊருக்கு ஊர் யாரோ சோறு போடுவார்கள். உகந்தை முருகன் கோயிலோடு ஊர்கள் முடிந்துவிடும். அதன்பின் கும்புக்கன் ஆற்றைக் கடந்து யால காட்டுக்குள் நாட்கணக்காக நடக்கவேண்டும். கடையும் இல்லை, மடமும் இல்லை. அரிசி, பருப்பு, புளி, உப்பு எல்லாவற்றையும் உகந்தையிலேயே மூட்டை கட்டிவிட வேண்டும். கூடக் கட்டினால் கழுத்து முறியும், குறையக் கட்டினால் வயிறு காயும் என்பார்.

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் இருக்கும் ஜோன் மியூர் பாதைக்கும் இதே கணக்குத்தான். யோசெமிற்றிப் பள்ளத்தாக்கில் தொடங்கி 14,505 அடி உயரமான விற்னி மலை உச்சியில் முடியும் இப்பாதை ஏறத்தாழ 211 மைல் நீளமானது. வளைகுடாப் பகுதியில் குடியேறியிருக்கும் எம்மவர்க்கு யோசெமிற்றி சில மணிநேரக் கார்ப் பயணந்தான். பலர் ஒருநாள் போய், நீர்வீழ்ச்சியைப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். இரண்டு ஆடிக்கு முன்பு நானும் பதினாறு வயது மகனும் ருவொலமி புல்வெளியிலிருந்து தெற்கே பன்னிரண்டு நாள் நடப்பதென்று தீர்மானித்தோம்.

நடப்பவருக்கு நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு இறாத்தல் உலர் உணவு வேண்டும். இரண்டு பேருக்குப் பன்னிரண்டு நாளென்றால் நாற்பது இறாத்தலையும் தாண்டிவிடக்கூடும். அதற்குமேல் கரடித் தொல்லை வேறு. யோசெமிற்றிக் காட்டில் இரவு தங்குபவர்கள் உணவு முழுவதையும், பற்பசை, சவர்க்காரம் உட்பட, கரடியால் திறக்கமுடியாத உருளைப் பெட்டியில் வைக்கவேண்டும் என்பது சட்டம். பூங்காவிலேயே வாடகைக்கு எடுக்கலாம். ஒருவரின் ஒரு வாரச் சாப்பாட்டுக்கு மேல் அதற்குள் அடங்காது. ஆகவே மீதியைப் பெட்டியில் போட்டு வழியிலுள்ள தரிப்பிடம் ஒன்றுக்கு முன்கூட்டியே அனுப்பிவிட வேண்டும். ரெட்ஸ் மெடோ அப்படியான ஓர் இடம். பாதையின் ஏறத்தாழ நடுவிலுள்ள மியூர் ரெயில் ராஞ்ச் இன்னொன்று. அங்கே எலி கடிக்காதபடி ஐந்து கலன் பிளாஸ்ரிக் வாளியில் அடைத்து, வாரக்கணக்கில் முன்பே அனுப்பக் கேட்கிறார்கள். கட்டணமும் உண்டு. அதற்குத் தெற்கே நூறு மைலுக்கு மேல் பாதையோரத்தில் ஒன்றும் இல்லை. அதுதான் இந்தப் பாதையின் உகந்தை.

என்ன அனுப்புவது? பருப்பை மறந்துவிடுங்கள். பத்தாயிரம் அடி உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 90 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். குத்தரிசியும் பருப்பும் அவியுமுன் அடுப்பு வாயு தீர்ந்துவிடும். வீட்டிலே வறுத்த அரிசிமா, ரவை, அவல், பால்மா, தேங்காய்ப்பால் தூள், இடிசம்பல், எள்ளுருண்டை, பயற்றம் பணியாரம் என்பவை வெந்நீர் ஊற்றினாலோ, ஊற்றாமலோ சாப்பிடக்கூடியவை. பாரத்துக்கு நல்ல சக்தியும் தருபவை. எங்கள் பாட்டிமார் இவற்றை யாத்திரைக்கென்றே கண்டுபிடித்தார்களோ என்று நினைக்கத் தோன்றும். வாயுக் குப்பியையும் லைட்டரையும் சாமான்களோடு பெட்டியில் வைத்துவிடாதீர்கள். அவற்றுக்குத் தபாலில் தனி விதிகள் உண்டு.

புறப்படுவதற்கு முதல்நாள் மகனுக்கும் எனக்கும் சண்டை. பெட்டி போய்விட்டது, ஆனாலும் பன்னிரண்டு நாட் சாப்பாட்டையும் நான் முதுகுப்பையில் அடைத்திருந்தேன். கரடிப் பெட்டி மூடவில்லை. “அப்பா, அதுதான் அங்க அனுப்பியாச்சே, பிறகேன் இவ்வளவு?” என்றான். அவனுக்கு என்ன சொல்வது? 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடக்கவே இரவு முழுவதும் பிடித்தது. பாரம் கூடிப்போய் வழியிலே அரிசி மூட்டையை வைத்துவிட்டு வந்தவன் நான். அம்மாவின் கையிலிருந்த ஒரு பை அரிசிமாவும் சீனியுந்தான் தென்மராட்சியில் முதல் மூன்று நாளும் எங்களுக்குச் சாப்பாடு. சாப்பாடு முன்னே போய்க் காத்திருக்கும் என்பதை நம்பும் பழக்கம் எனக்கில்லை. இதை அவனுக்கு அன்றிரவுதான் முதன்முதலாகச் சொன்னேன். அவன் ஒன்றும் பேசாமல் என் பையிலிருந்து நாலு நாட் சாப்பாட்டைத் தன் பைக்கு மாற்றினான். வீட்டிலே வைத்துவிட்டு வரச் சொல்லவில்லை.

ஆறாம் நாள் தரிப்பிடத்துக்குப் போனால் பெட்டி இல்லை. எந்த இடமென்று சொல்லமாட்டேன், பிழை முழுவதும் என்னுடையது. ஊர் வழக்கப்படி தகப்பன் பெயரை முன்னும் என் பெயரைப் பின்னும் எழுதியிருந்தேன். அடையாள அட்டையில் அது மாறிக் கிடக்கிறது. புதிதாக வந்தவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: அட்டையில் உள்ளபடியே எழுதி, வந்துசேரும் நாளையும் பெட்டியின் எல்லாப் பக்கங்களிலும் பெரிதாக எழுதுங்கள்.

அவர்கள் தேடும்வரை, நடப்பவர்கள் மிஞ்சியதைப் போட்டுவிட்டுப் போகும் பொதுப்பெட்டியைக் காட்டி, வேண்டியதை எடுக்கச் சொன்னார்கள். மகன் குனிந்து கிளறத் தொடங்கினான். நான் தள்ளி நின்றேன். நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்ற கால்கள் அந்தப் பக்கம் போக மறுத்தன. அரைமணி நேரத்தில் எங்கள் பெட்டி வேறோர் எழுத்தின் கீழ் அகப்பட்டது. இப்போது கையிலே தேவைக்கு இருமடங்கு சாப்பாடு. மிஞ்சிய அரிசிமா, எள்ளுருண்டை, ஒரு பொதி புழுக்கொடியல் எல்லாவற்றையும் பொதுப்பெட்டியில் வைத்தோம். இன்னின்னதென்று மகன் ஆங்கிலத்தில் எழுதி ஒட்டினான்.

நியூ ஜேர்சியில் இருப்பவர்கள் இவ்வளவு பாடுபடத் தேவையில்லை. அப்பலாச்சியன் பாதை அம்மாநிலத்தில் 72 மைல் ஓடுகிறது. இடைக்கிடை வீதிகளும் சிற்றூர்களும் வருவதால் இரண்டு மூன்று நாளுக்குரியதைக் கொண்டுபோனால் போதும். ஆனால் பாதையோரம் விறகு மூட்டத் தடை, கரடியும் உண்டு. ரெக்சாஸின் பிக் பெண்ட் பாலைநிலத்திலோ சாப்பாட்டைவிடத் தண்ணீரையே வழியில் முன்கூட்டி வைத்துவிட்டு நடக்கிறார்கள்.

மறுநாட் காலை புறப்படுமுன் பொதுப்பெட்டியை எட்டிப் பார்த்தேன். எள்ளுருண்டை ஒன்றுகூட இல்லை. அரிசிமாவில் பாதி போயிருந்தது. புழுக்கொடியலை மட்டும் ஒருவரும் தொடவில்லை. அதைத் திரும்ப எடுத்து, மகனுக்குப் பாதி முறித்துக் கொடுத்தேன்.