உடைமுள்ளும் ஓர் இரவும்

சகோதரிகளே, ராதாபுரம் போயிருக்கிறீர்களா? வள்ளியூரில் ரயிலை விட்டு இறங்கித் தென்கிழக்கே பஸ் ஏறுங்கள். சிவந்த மண், பனைகள், கைவீசும் காற்றாலைகள். அவற்றின் கீழே குடை பிடித்தாற்போல் உடை மரங்கள்! அந்தக் குடையின் கம்பிகளெல்லாம் நீண்ட வெள்ளை முட்கள். அதன் நெற்று ஆட்டுக்கு விருந்து. முள்ளோ மோட்டார் சைக்கிளுக்கு எமன்.

நான் அக்கா வீட்டுக்குப் போன அன்று மாலை, வண்டியின் பின்சக்கரம் தரையோடு படுத்திருந்தது. பாரத்தைச் சுமப்பதும் பின் டயர். எஞ்சினின் உந்துதலை வாங்குவதும் அதுதான். ஆகவே அதுவே முதலில் தேய்கிறது. வழுக்கையாகிவிட்ட டயரில் முள் ஏறக் கேட்பானேன்? புது டயரும் டியூப்பும் வாங்கி வைத்துவிட்டு அத்தான் வேலையாகத் தூத்துக்குடிக்குப் போயிருந்தார். மெக்கானிக் கடை மூடியாகிவிட்டது. மறுநாள் காலை அக்கா மகளுக்கு வள்ளியூரில் பிளஸ் டூ கடைசிப் பரீட்சை!

"நாமே மாத்திருவோம்ட்டி" என்றாள் அக்கா, முந்தானையைச் செருகிக்கொண்டு.

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தினோம். பிரேக் கம்பியைக் கழற்றி, அச்சின் நட்டைத் தளர்த்திச் சக்கரத்தை முன்னே தள்ளியதும் செயின் நழுவியது. அச்சை உருவினோம். வளையங்களைக் கழற்றிய வரிசையிலேயே முறத்தில் அடுக்கினாள் அக்கா.

பிறகு காற்றை முழுக்க இறக்கி, டயர் விளிம்பை மிதித்து ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறக்கினோம். சூட்சுமமே அதுதான். ஒரு பக்கம் பள்ளத்தில் இருந்தால்தான் எதிர்ப்பக்கம் ரிம்மைத் தாண்டும். சோப்பு நீர் தடவி, இரண்டு லிவரால் கொஞ்சம் கொஞ்சமாக நெம்ப, பழைய டயர் வந்துவிட்டது.

புது டயரின் அம்புக்குறி சக்கரம் சுழலும் திசையைக் காட்ட வேண்டும். டியூப்பில் துளி காற்று அடித்து உள்ளே வைத்தோம். கடைசிச் சாண் பாக்கி. பட்டணத்துக்காரியான நான் அவசரப்பட்டு லிவரை ஆழமாகச் செருகி ஒரு நெம்பு நெம்பினேன். பம்பு அடித்தால், அடித்த காற்றெல்லாம் 'புஸ்' என்று வெளியேறியது!

டியூப்பை வெளியே எடுத்துத் தண்ணீரில் அமுக்கினால், பாம்பு கடித்தாற்போல் இரண்டு துளைகள். அழுகையே வந்துவிட்டது. அக்கா திட்டவில்லை. துளைகளைச் சுற்றித் தேய்த்து, சொல்யூஷன் பூசி, அது காயும்வரை காத்திருந்து ஒட்டுப் போட்டாள். "பொறுமையாட்டி! முறுக்கு பிழியற மாதிரி" என்றாள். இம்முறை வால்வுப் பக்கம் கடைசியாக வரும்படி, பெரும்பாலும் கையாலேயே அழுத்தினோம். உட்கார்ந்துவிட்டது!

செயினைத் தளர்வு பார்த்து மாட்டி, இரு பக்கக் கோடுகளும் சமமா என்று சரிபார்த்து, நட்டை இறுக்கி, பிரேக்கைப் பரீட்சித்தபோது நடுநிசி.

1888-ஆம் வருஷம் பெல்பாஸ்டில் டன்லப் என்ற கால்நடை வைத்தியர், தம் சின்ன மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓடத்தான் காற்றடைத்த டயரை அமைத்தாராம். பிள்ளைக்காகப் பிறந்த பொருள் அது. பிள்ளைக்காக ஒரு தாய் அதை மாற்றுவதில் என்ன அதிசயம்?

விடியற்காலையில் அக்கா வண்டியை உதைத்தாள். மகள் பின்னால் ஏறிக்கொண்டாள். உடை மரங்களுக்கு நடுவே அந்தச் சிவப்பு விளக்கு மறையும்வரை வாசலில் நின்றேன். என் கையில் கிரீஸ் இன்னும் போகவில்லை. போகவேண்டும் என்று எனக்குத் தோன்றவுமில்லை.