வீதியோரம் யாருடையது?

விடுமுறைக்கு மலையகம் வந்து திரும்பும் வெளிநாட்டு அன்பர்கள் அண்மைக் காலமாக என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். ஹட்டன் பிரதான வீதியில் வாகனத்தை எங்கே நிறுத்தலாம்? சென்ற முறை நிறுத்திய இடத்தில் இம்முறை நிற்கவிடவில்லையே, இடையில் சட்டம் மாறிவிட்டதா?

சட்டம் பழைய சட்டமேதான். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் பல திருத்தங்களுடன் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அந்த வீதியோரத்துக்கு மூன்று சொந்தக்காரர்கள்.

அவிசாவளையிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் ஏ-7 பாதையே ஹட்டன் நகரின் பிரதான வீதி. ஆகவே தார்ப்பாதை வீதி அபிவிருத்தி அதிகாரசபையைச் சார்ந்தது. நகரின் நிர்வாகம் ஹட்டன்-டிக்கோயா நகரசபையிடம். தரிப்பிடக் கட்டணம் அறவிடுவது, நடைபாதைக் கடைகளைக் கவனிப்பது முதலியன சபையின் வேலை. வாகனம் ஓடுவதையும் நிற்பதையும் அன்றாடம் கட்டுப்படுத்துவது பொலிஸ். பலகை ஒன்று சொல்லலாம், பற்றுச்சீட்டுத் தருபவர் வேறொன்று சொல்லலாம்; ஆனால் சீருடையில் நிற்கும் பொலிஸ் உத்தியோகத்தர் “எடு” என்றால் எடுத்தே ஆகவேண்டும். கட்டணம் செலுத்திவிட்டேன் என்று பற்றுச்சீட்டைக் காட்டி வாதிடுவோரைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சீட்டு கட்டணத்துக்கான அத்தாட்சி மாத்திரமே. அதற்கு மேல் எதுவுமில்லை.

இதற்கு மேல் பருவங்களின் ஆட்சி இருக்கிறது. டிசம்பர் மாத உந்துவப் போயாவில் தொடங்கி வெசாக் போயா வரை சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம். நோர்வூட், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குச் செல்லும் பஸ்கள் ஹட்டனில் வந்து திரும்பும் நாட்களில் நகரமே வாகனத் தரிப்பிடமாகிவிடுகிறது. ஏப்ரல் பிறந்துவிட்டால் நுவரெலியாவில் வசந்தகாலம். 1873இல் ஆளுநர் கிரகரி அமைத்த வாவியைச் சுற்றிய பாதைகளில் வழக்கமான ஒழுங்கு மாறி விசேட ஒழுங்கு நடைமுறைக்கு வரும். இவை இரண்டும் வெளியூரார் அறிந்த பருவங்கள். தோட்டத்தார் அறிந்த பருவங்கள் வேறு: சம்பள நாள், அதைவிடப் பெரிதாகத் தீபாவளி முற்பணம் கொடுக்கும் வாரம். அந்த வாரத்தில் ஹட்டன் கடைவீதியில் கால்வைக்க இடமிராது. தரிப்பிட ஒழுங்கு அப்போது காலையில் ஒன்றாகவும் மாலையில் வேறாகவும் இருக்கும். அறிவித்தல் என்பது பெரும்பாலும் வீதியில் வைக்கப்படும் ஒரு பிளாஸ்டிக் கூம்புதான்.

நியூயோர்க்கில் வீதி துப்புரவுக்காக, வீதியின் ஒரு பக்கத்தில் குறித்த நாட்களில் வாகனம் நிறுத்தக்கூடாதென்ற விதி 1950ஆம் ஆண்டு முதல் இருந்து வருகிறது. அதிலிருந்து விலக்கு அளிக்கப்படும் நாட்களின் பட்டியலை மாநகரம் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அந்தப் பட்டியலில் தீபாவளியும் உண்டு! தீபாவளிக்கு எங்கே வண்டியை நிறுத்தலாம் என்பது நியூயோர்க்கில் வாழும் தமிழருக்கு முன்கூட்டியே தெரியும். ஹட்டனில் வாழும் தமிழருக்குத் தெரியாது.

சென்ற யாத்திரைப் பருவத்தில் நான் சந்தித்த இளைஞர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம். பெற்றோர் கொழுந்து பறித்துச் சேர்த்த பணமும் லீசிங் கடனுமாக முச்சக்கர வண்டி ஒன்று வாங்கியிருந்தார். காலையில் ஆளிறக்கிய அதே இடத்தில் பிற்பகலில் நிறுத்தியதற்காகத் தண்டச்சீட்டு எழுதப்பட்டது. சாரதி அனுமதிப்பத்திரத்தை வாங்கிக்கொண்டு தற்காலிகப் பத்திரம் கொடுத்துவிடுவார்கள்; பதினான்கு நாட்களுக்குள் தபாலகத்தில் தண்டம் செலுத்தி, பற்றுச்சீட்டைக் காட்டி அனுமதிப்பத்திரத்தை மீட்க வேண்டும். தவறினால் தொகை இரட்டிப்பாகும், அதற்கும் தவறினால் நீதிமன்றம். தபாலகத்துக்கு ஒரு பயணம், பொலிஸ் நிலையத்துக்கு ஒரு பயணம். ஒரு நாள் உழைப்புப் போய்விட்டது. (2025 முதல் இணையவழியில் தண்டம் செலுத்தும் முறை படிப்படியாக அறிமுகமாகி வருவது இந்த அலைச்சலைக் குறைக்கக்கூடும்.)

சீட்டு சிங்களத்தில் நிரப்பப்பட்டிருந்தது. அவர் சிங்களம் சரளமாகப் பேசுவார், வாசிக்கமாட்டார். தாம் செய்த குற்றம் இன்னதென்பதைத் தபாலகத்தில் வரிசையில் நின்ற ஒருவரிடம் கேட்டே அறிந்துகொண்டிருக்கிறார். அம்பகமுவ, நுவரெலியா முதலிய பிரதேச செயலகப் பிரிவுகள் 1999இல் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக வர்த்தமானியில் பிரகடனப்படுத்தப்பட்டவை என்பதை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

“காசு கட்டுறது பெரிசில்லங்கையா. எங்க நிக்கலாம்னு ஒரு எடத்தக் காட்டிட்டாங்கன்னா போதும்” என்றார்.

இந்த இளைஞரின் தலைமுறைக்கு நகரத்து விதி புதிது. தோட்டத்துப் பாதையில் அதிகாரம் துரையுடையதாகவே இருந்து வந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாகவே நின்றது. தோட்டத்து மக்கள் வாக்களித்துச் சபை அமைப்பார்கள். அந்தச் சபை அவர்களுடைய லயத்துக்குப் போகும் பாதையில் ஒரு கல்லைப் போட முடியாது. 2018இல்தான் அப்பிரிவு திருத்தப்பட்டது. அதே ஆண்டு நுவரெலியா, அம்பகமுவ என்ற இரு பெரும் பிரதேச சபைகள் ஆறு சபைகளாகத் தேர்தலைச் சந்தித்தன. மாற்றம் வேர்விடும் முன்பே 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே தேர்தல் வரை மக்கள் பிரதிநிதிகளே இல்லாமல் அதிகாரிகள் நிர்வாகம் செய்தார்கள். அந்த ஈராண்டுகளில் தரிப்பிடம் பற்றி முறையிட ஓர் உறுப்பினர்கூட இல்லை.

இப்போது உறுப்பினர்கள் இருக்கிறார்கள். பெரிய செலவு எதுவும் வேண்டியதில்லை. நகரசபையும் பொலிஸாரும் வீதி அதிகாரசபையும் உந்துவப் போயாவுக்கு முன்னர் ஒருநாள் கூடி, எந்தெந்த நாட்களில் எந்தெந்தப் பக்கம் நிறுத்தலாம் என்ற பட்டியலொன்றைத் தயாரித்து, தமிழிலும் சிங்களத்திலும் பஸ் நிலையத்திலும் தபாலகத்திலும் ஒட்டிவிடலாம். முச்சக்கர வண்டிகள் ஆளிறக்கிச் செல்ல ஐந்து நிமிட இடமொன்றையும் அதில் குறித்துவிடலாம்.

அதுவரை, வரும் அன்பர்களுக்கு நான் சொல்வது இதுதான். பலகையைப் பாருங்கள், பின்னர் பொலிஸ் உத்தியோகத்தரிடம் கேளுங்கள், கட்டணம் கொடுத்தால் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பஸ் தரிப்பிடத்துக்கு அருகில் ஒரு நிமிடம்கூட நிறுத்தாதீர்கள். தீபாவளிக்கு முந்திய வாரமென்றால் வாகனத்தைத் தங்குமிடத்திலேயே விட்டுவிட்டு ஒரு முச்சக்கர வண்டியில் வாருங்கள். அந்தத் தம்பிமாருக்கும் ஒரு வாடகை கிடைக்கும்.