பழைய போர்ஷேயும் எங்கட வானும்

ஸ்ருட்கார்ட்டில் இருந்துகொண்டு போர்ஷேயைக் குறை சொன்னால் அடிக்க வருவார்கள். இருந்தாலும் சொல்கிறேன்.

1963இல் பிராங்க்பேர்ட் கண்காட்சிக்கு 901 என்று வந்த கார் அது. நடுவில் பூச்சியம் வருகிற பெயர் தங்களுடையது என்று பேஜோ கம்பனி சண்டைக்கு வர, 911 ஆகிவிட்டது. இரண்டு லீற்றர், ஆறு சிலிண்டர், 130 குதிரைவலு. விடிய நாலு மணிக்கு மொத்தச் சந்தைக்கு நான் ஓட்டிப்போகிற றெஸ்ரோறன்ற் வான், பென்ஸ் ஸ்பிறின்ரர், அதுவும் இரண்டு லீற்றர்தான். நாலே சிலிண்டர், டீசல், 170 குதிரைவலு! மொறட்டுவையில் இரண்டாம் வருடத்தோடு எஞ்சினியரிங்கை விட்டு வந்தவனுக்கு இந்தக் கணக்கு இனிக்கும்.

வேகத்தில் கார்தான் வெல்லும். அது ஒரு தொன் சொச்சம், வான் வெங்காயமும் அரிசியும் ஏற்றினால் மூன்றரைத் தொன். வளைவில்தான் விசயம் இருக்கிறது. காரின் எஞ்சின் பின்சில்லுக்கும் பின்னால். வளைவுக்குள் பயந்து காலை எடுத்தீர்களோ, பின்பக்கம் முன்னுக்கு வரப் பார்க்கும். 1969 மொடலில் முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடைவெளியை 57 மில்லிமீற்றர் கூட்டித்தான் கொஞ்சம் அடக்கினார்கள். வானில் பக்கக் காற்று அடித்தாலே கணினி தானாகச் சில்லுக்குப் பிரேக் பிடித்து நேராக்கும். இரவு முழுக்கக் குசினியில் நின்ற காலோடு பனியில் ஓட்டுகிறவனுக்கு அதுதான் உயிர்.

எங்கட ஆட்கள் யாருடையதோ போர்ஷேக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்து ஊருக்கு அனுப்புவார்கள். வானோடு நின்று ஒருத்தரும் எடுத்ததில்லை.

"அப்பா, பள்ளிக்கூட வாசலில வானை நிப்பாட்டாதேங்கோ" என்கிறான் மகன். இரண்டு தெரு தள்ளி நிப்பாட்டுகிறேன்.