பூச்சும் பூச்சியும்

பழைய தேக்கு மேசையில் ஈர டம்ளரை வைத்து எடுத்தால் வெள்ளை வளையம் விழுகிறது. புதிதாக வாங்கிய மேசையில் விழுவதில்லை. மரம் இரண்டும் தேக்குதான். வித்தியாசம் எங்கே? தாத்தாவின் எழுத்து மேசையைப் பராமரிக்கும் பொறுப்பு என் கைக்கு வந்ததிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே பர்மாத் தேக்கு நாற்காலிக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த வயதான ஆசாரியிடம் கேட்டேன். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து நாற்காலியின் அடிப்பக்கத்தில் தேய்த்தார். விரல் வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டியது.

“ஸ்பிரிட்டுல கரையுதுல்ல, அப்ப இது அரக்கு பாலிஷ் தம்பி. கரையலைன்னா மெலமைனோ பி.யூ.வோ. அதுக்கு வைத்தியமே வேற.”

தபால் பையில் முத்திரை வைக்கும் அரக்கும், மகாபாரதத்தில் பாண்டவர்களை எரிக்கக் கட்டிய அரக்கு மாளிகையும் எனக்குத் தெரியும். மேசை மேல் இருப்பதும் அதுவேதான் என்றதும், அது வந்த வழியைத் தேட ஆரம்பித்தேன்.

வழி ஜார்க்கண்ட் காடுகளுக்குப் போகிறது. புரசு, இலந்தை, பூவம் மரங்களின் இளங்கிளைகளில், கண்ணுக்குச் சட்டென்று தென்படாத செந்நிறப் பூச்சிகள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சுகின்றன. தம்மைக் காத்துக்கொள்ள அவை சுரக்கும் பிசின் கிளையைச் சுற்றிக் கெட்டியாகப் படிகிறது. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கொம்பரக்கு இதுதான். பாட்னாவில் இருந்த ஜேம்ஸ் கெர் 1781-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் இப்பூச்சியைப் பற்றி எழுதினார். கெரியா லாக்கா என்ற அதன் அறிவியல் பெயர் அவரை நினைவில் வைத்திருக்கிறது.

கிளையிலிருந்து சுரண்டிய அரக்கை நொறுக்கிக் கழுவினால் சிவப்புச் சாயம் பிரிந்துவிடும். மிஞ்சிய மணிகளை நீண்ட துணிப்பையில் அடைத்து, நெருப்பின் முன் பிடித்து முறுக்குவார்கள். உருகிக் கசிவதைச் சூட்டோடு சூடாகக் கையாலும் காலாலும் பல்லாலும் பிடித்து இழுத்து, மெல்லிய தாளாக விரிப்பது மரபான முறை. பல்லாலும்! இதைப் படித்த பிறகு அந்தப் பளபளப்பை வெறும் அழகாக என்னால் பார்க்க முடியவில்லை. ஆறிய தாளை உடைத்தால் பழுப்பு மஞ்சள் சில்லுகள். அவற்றை ஸ்பிரிட்டில் ஊறவைத்தால் பாலிஷ்.

ஒரு காலத்தில் கிராமபோன் இசைத்தட்டுக்கும் மின்கம்பிக் காப்புக்கும்கூட அரக்கே வேண்டியிருந்தது. அதற்கு மாற்றுத் தேடித்தான் லியோ பேக்லண்ட் 1907-இல் பேக்லைட்டைக் கண்டடைந்தார். ராஞ்சிக்கு அருகே நாம்கும்மில் 1924-இல் அரக்கு ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. ஆனால் மரச்சாமான்களுக்கு மெலமைன், பி.யூ. என்கிற பாலியூரிதேன் போன்ற செயற்கைப் பூச்சுகள் ஒவ்வொன்றாக வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டன. என் புது மேசையில் வளையம் விழாததற்குக் காரணம் அதுதான்.

அரக்கு ஈரத்தில் வெளிறும், சூட்டில் இளகும், ஸ்பிரிட்டில் கரையும். சானிடைசர் சிந்தினாலே போதும். ஆனால் கரைவதுதான் அதன் பெருமை என்பேன். புதுப்பூச்சு பழைய பூச்சோடு கரைந்து ஒன்றாகிவிடுகிறது, பி.யூ. அப்படிச் சேராது. வெள்ளை வளையம் பூச்சில் புகுந்த ஈரம் மட்டுமே. பல நேரம் சில நாளில் தானே மறையும். மறையாவிட்டால், ஸ்பிரிட் லேசாகப் பட்ட துணி உருண்டையால் நிற்காமல் தடவி எடுத்துவிடுவார் ஆசாரி. கறுத்த வளையம் என்றால் ஈரம் மரத்துக்குள்ளேயே இறங்கிவிட்டது என்று பொருள்.

மேசை மங்கிவிட்டதென்று உப்புத்தாளைக் கையில் எடுக்கிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: முதலில் அடிப்பக்கத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் சுரண்டாதீர்கள். அரக்கு பாலிஷ் தெரிந்த ஆசாரியைத் தேடிப் பிடித்து, சில்லை வாங்கிக் கொடுத்து அவ்வப்போது கரைக்கச் சொல்லுங்கள். கரைத்து நாள்பட்ட பாலிஷ் சரியாகக் காயாது.