ராக்கருக்கும் ஷாஃப்டுக்கும் ஜோடிப் பொருத்தம்

பழைய அம்பாசடர்ல இருக்கற 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் 1955ல வந்த எம்.ஜி.ஏ ஸ்போர்ட்ஸ் காரோட எஞ்சினும் ஒரே பி.எம்.சி பி-சீரிஸ் குடும்பம். இதைச் சொன்னா எங்க அப்பா சிரிக்கறார். அவர் கவலையெல்லாம் எஞ்சின் மேல வர்ற டக்டக் சத்தம்தான். இந்தத் தடவையும் போகலைன்னா வண்டியை எடைக்குப் போட்டுடுவேன்னு கெடு வேற.

டேப்பட் எத்தனை தடவை வச்சும் பிரயோஜனம் இல்லை. காரணம் இருக்கு மக்களே. ராக்கரோட ஒரு முனையை புஷ்ராடு மேல தள்ளுது, மறுமுனையை வால்வு ஸ்பிரிங் மேல தள்ளுது. அத்தனை அழுத்தமும் நடுவுல இருக்கற ஷாஃப்டோட அடிப்பக்கத்துக்கு. மேலேர்ந்து பாத்தா கண்ணாடி மாதிரி பளபளப்பு. கழட்டித் திருப்பினா ஒவ்வொரு ராக்கர் இடத்துலயும் நகம் தட்டுப்படற பள்ளம். ராக்கர் மூக்குலயும் குழி. ஃபீலர் கேஜ் அந்தக் குழி மேல பாலம் மாதிரி நின்னு 'சரி'ங்குது, நிஜ இடைவெளி அதைவிட ஜாஸ்தி. டெஸ்ட்ல பாஸாகி கஸ்டமர்கிட்ட பல்லிளிக்கற கோடு மாதிரி (பொட்டி தட்டறவன் புத்தி!).

"ஷாஃப்ட மட்டும் மாத்திடலாம் தம்பி, செலவு கம்மி"ன்னார் மெக்கானிக் அண்ணன். எனக்கு மனசு ஒப்பலை. பழைய ஷாஃப்டோட சேந்து கோணலா தேஞ்ச வெண்கல புஷ், புது ஷாஃப்டுல எப்படிண்ணே ஒழுங்கா உக்காரும்? ஷாஃப்டுக்குள்ளதான் ஆயில் ஓடுது. லூஸான ராக்கர் வழியா அது கொட்டிட்டா மத்ததுக்குப் பத்தாது.

கடைசியில ஒத்துக்கிட்டார். லேத்துல எட்டு ராக்கருக்கும் புது புஷ் அடிச்சு, ஆயில் துளை போட்டு, புது ஷாஃப்டை அளந்து அதுக்கேத்த மாதிரி ரீமர் விட்டாங்க. ஷாஃப்ட் கிட்டத்தட்ட 5/8 அங்குலம். இடைவெளி ஒரு அங்குலத்துல ஆயிரத்துல ஒண்ணு, ரெண்டு பங்கு. ஆயில் தடவி மாட்டினா லகுவா சுத்தணும், ஆடக்கூடாது. மூக்கை லேசாத்தான் தேய்க்கணும், கடினமான மேல்தோல் போச்சுன்னா ராக்கரும் போச்சு.

மாட்டும்போது ஷாஃப்டோட ஆயில் துளைகள் கீழ பாக்கணும். இன்னொண்ணு, ராக்கர் ஸ்டாண்டைப் பிடிக்கற நாலு நட்டும் சிலிண்டர் ஹெட்டையும் சேத்துப் பிடிக்குது. அதனால கழட்டறதுக்கு முன்னாடியே ரேடியேட்டர் தண்ணியை இறக்கிடுங்க.

சத்தம் அடங்கிடுச்சு. எடைக்காரர் வந்தப்ப அப்பா பழைய பேப்பர் மட்டும் போட்டார். தேஞ்ச ஷாஃப்டை மெக்கானிக் அண்ணன் கேட்டு வாங்கிக்கிட்டார், பின் தட்டி எடுக்க ஆகுமாம்.