வாணலி நல்லா காயட்டும்

ஃப்ரைட் ரைஸ், சோயா சாஸ், பிபி மாத்திரை மூணையும் பத்தி ஒரு நீண்ட திரெட்.

ஆம்பூர்னு சொன்னா வெளியூர்க்காரங்களுக்கு சீரகச் சம்பா பிரியாணிதான் ஞாபகம் வரும். ஆனா சாயங்காலம் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனி பஸ் நிக்கிற இடத்துல போய்ப் பாருங்க. தள்ளுவண்டி, பெரிய பர்னர், டங்கு டங்குன்னு கரண்டிச் சத்தம். பஸ்ஸை விட்டு இறங்குற பெண்கள் ரெண்டு பார்சல், மூணு பார்சல்னு வாங்கிட்டு வீட்டுக்கு ஓடுறாங்க.

என்கிட்ட வர்ற ஒரு அம்மா, நாற்பது வயசு. ஷூவோட மேல்பாகம் தைக்கிற வேலை. ரெண்டு மாத்திரை போட்டும் பிபி 150க்குக் கீழ வரலை. மாத்திரை தவறாம போடுறாங்க. ஊறுகாய், அப்பளம், கருவாடு மூணையும் விட்டாச்சு. "ராத்திரி என்னம்மா சாப்பிடுவீங்க?"ன்னு கேட்டேன். "வாரத்துல நாலு நாள் வண்டிக்கடை ஃப்ரைட் ரைஸ்தான் டாக்டர். பசங்களுக்கும் அதான்."

"வெளியில வாங்காதீங்கம்மா"ன்னு சொன்னேன். அவங்க கேட்டாங்க: "பஸ் எறக்கி விடறப்பவே ஏழு மணி. அதுக்கு மேல கொழம்பு வச்சு, பொரியல் பண்ணி, பசங்க எத்தன மணிக்கு டாக்டர் தூங்கும்?"

நியாயமான கேள்வி. நாங்க பிரிண்ட் போட்டுக் கொடுக்குற டயட் சார்ட்ல இதுக்குப் பதில் கிடையாது. அதனால அவங்க வீட்டுல விரும்புற அதே சாப்பாட்டை வீட்டுலயே பதினஞ்சு நிமிஷத்துல எப்படி செய்யலாம்னு பேசினோம். அதைத்தான் இங்க எழுதுறேன்.

முதல்ல உப்புக் கணக்கு. உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள உப்பு, அதாவது 2000 மில்லிகிராம் சோடியம். ஒரு டேபிள்ஸ்பூன் சோயா சாஸ்ல மட்டும் சுமார் 900 மில்லிகிராம் சோடியம் இருக்கு. கிட்டத்தட்ட பாதி நாள் கோட்டா. வண்டிக்கடையில சாஸுக்கு மேல உப்பு, அதுக்கு மேல சில்லி சாஸ், சிக்கன்ல ஊறின மசாலா உப்பு வேற. அந்த அண்ணனைக் குறை சொல்லலை. அவர் ருசிக்குப் போடுறார், யாரோட பிபியும் அவருக்குத் தெரியாது.

இப்போ சமையல். இதை ஏதோ சீன வித்தைன்னு நினைச்சு பயப்படாதீங்க. நம்ம பொரியலைத் தண்ணி தெளிக்காம, மூடி போடாம, பெரிய தீயில செய்றோம், அவ்வளவுதான். எல்லாத்தையும் நறுக்கி வச்சுட்டுத்தான் அடுப்பைப் பத்த வைக்கணும். பத்த வச்சப்புறம் நறுக்க நேரம் இருக்காது. கேரட், பீன்ஸை லீவு நாள்ல நறுக்கி டப்பாவுல போட்டு ஃப்ரிட்ஜ்ல வச்சுக்கலாம்.

வீட்டுல செஞ்சா கொழகொழன்னு ஆகுதுன்னு நிறைய பேர் சொல்றாங்க. காரணம் இதுதான். கடை பர்னரோட சூடு நம்ம வீட்டு அடுப்பைவிடப் பல மடங்கு. நம்ம அடுப்புல நாலு பேருக்கானதை ஒரே தடவையில கொட்டினா வாணலி ஆறிடும். காயிலேர்ந்து தண்ணி விட்டு, வதங்குறதுக்குப் பதிலா வேக ஆரம்பிச்சிடும். ரெண்டு தடவையா செய்ங்க. இரும்பு வாணலி இருந்தா ரொம்ப நல்லது. நான்ஸ்டிக்கை வெறுமனே பெரிய தீயில காய வைக்காதீங்க, அந்தப் பூச்சு அவ்வளவு சூட்டுக்கு ஆகாது.

வாணலி நல்லா காயட்டும். கடலை எண்ணெய், நாலு பேருக்கு நாலு டீஸ்பூன் போதும். நசுக்கின பூண்டு, பச்சை மிளகாய் பத்து செகண்ட். அப்புறம் வெங்காயம். கேரட், பீன்ஸ் ரெண்டு நிமிஷம். கோஸ், குடைமிளகாய் ஒரு நிமிஷம். காயை ஓரமா தள்ளிட்டு நடுவுல முட்டை உடைச்சுக் கிண்டுங்க. சாதத்தைக் கொட்டிப் பிரட்டிட்டு, நாலு பேருக்கும் சேர்த்து ரெண்டே டீஸ்பூன் சோயா சாஸ், அரை டீஸ்பூன் உப்பு. பாட்டிலைக் கவிழ்க்காம ஸ்பூன்ல அளந்து ஊத்துங்க. இந்தக் கணக்குல ஆளுக்கு சுமார் ஒரு கிராம் உப்புதான் வரும். உப்பு கம்மியா தெரிஞ்சா ஒரு மூடி வினிகர், இல்லன்னா எலுமிச்சை, கூட மிளகுத்தூள். புளிப்பும் காரமும் இருந்தா நாக்கு உப்பைத் தேடாது.

சர்க்கரை இருக்கிறவங்க ஒரு கப் சாதத்துக்கு ரெண்டு கப் காய் போடுங்க. வண்டிக்கடையில இது தலைகீழா இருக்கும்.

கறி சேர்க்கணும்னா சிக்கனோ பீஃபோ, நாருக்குக் குறுக்கே மெல்லிசா நறுக்குங்க. ஒரு ஸ்பூன் சோளமாவு பிசறி வைங்க, கறி மிருதுவா இருக்கும். கறியை மட்டும் முதல்ல தனியா நல்லா வேகிற வரைக்கும் வதக்கி எடுத்து வச்சுட்டு, கடைசியில சேருங்க.

அப்புறம் நம்ம முள்ளுக் கத்திரிக்காய். இலவம்பாடி பக்கம் விளையுதே, 2023ல புவிசார் குறியீடு வாங்கினது. பிரியாணிக்குத் தொட்டுக்கத்தான்னு ஒதுக்கிடாதீங்க. நீளமா நறுக்கி, இட்லிப் பானையில அஞ்சு நிமிஷம் ஆவி காட்டிட்டு, பூண்டு, காய்ஞ்ச மிளகாய், அரை ஸ்பூன் சோயா சாஸோட பெரிய தீயில பிரட்டிப் பாருங்க. பச்சைக் கத்திரிக்காய் ஸ்பாஞ்ச் மாதிரி எண்ணெயைக் குடிக்கும். ஆவி காட்டினா அந்த ஸ்பாஞ்ச் அமுங்கிடும், கொஞ்ச எண்ணெயே போதும்.

"சைனீஸ் எல்லாம் நம்ம சாப்பாடா?"ன்னு ஒரு பெரியவர் கேட்டார். தோல் ஊர்க்காரங்க இதைக் கேட்கவே கூடாது! வண்டியில 'ஹக்கா நூடுல்ஸ்'னு எழுதியிருக்கே, அந்த ஹக்கா மக்கள் கொல்கத்தாவுல டாங்ராங்கிற இடத்துல தோல் பதனிட்டவங்க. இந்தியன் சைனீஸ் வளர்ந்த முக்கியமான இடங்கள்ல அதுவும் ஒண்ணு. பாலாறு மாசு வழக்குல நம்ம வேலூர் டேனரிகளுக்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 1996 ஆகஸ்ட்ல. கொல்கத்தா டேனரிகளை இடம் மாத்தச் சொன்ன தீர்ப்பு அதே வருஷம் டிசம்பர்ல. அங்க பல டேனரிகள் ரெஸ்டாரண்டா மாறிடுச்சு. ஆக, ஃப்ரைட் ரைஸ் நமக்குத் தொழில்முறைச் சொந்தம்.

இப்போ இந்த திரெட்லயே முக்கியமான விஷயம், சாதம். ஃப்ரைட் ரைஸுக்குப் பழைய சாதம்தான் உதிரியா வரும்னு எல்லா வீடியோலயும் சொல்றாங்க. அது சரிதான். ஆனா காலையில அஞ்சு மணிக்கு வடிச்ச சாதம் வேலூர் வெயில்ல அடுப்பங்கரையில ராத்திரி ஏழு வரைக்கும் கிடந்தா அது ஆபத்து. அரிசியில பேசில்லஸ் சீரியஸ்னு ஒரு கிருமியோட விதை மாதிரியான வடிவம் இருக்கும். கொதிச்சாலும் சாகாது. சாதம் வெதுவெதுன்னு கிடக்கும்போது முளைச்சுப் பெருகி ஒரு நச்சை உண்டாக்கும். அந்த நச்சு 121 டிகிரியில ஒண்ணரை மணி நேரம் வச்சாலும் அழியாது. 'நல்லா வறுத்துட்டேனே'ங்கிற சமாதானம் இங்க செல்லாது. கெட்டுப்போன வாடைகூட இருக்காது. சாப்பிட்ட ஒண்ணுலேர்ந்து ஆறு மணி நேரத்துக்குள்ள வாந்தி எடுக்கும். இதுக்கு 'ஃப்ரைட் ரைஸ் சிண்ட்ரோம்'னே பேர் உண்டு.

ராத்திரிக்கு வேண்டிய சாதத்தைக் காலையிலயே அகலமான தட்டுல பரப்பி ஆற வைங்க. வேலைக்குக் கிளம்புறதுக்குள்ள மூடின டப்பாவுல ஃப்ரிட்ஜுக்குப் போயிடணும். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டுல சாயங்காலம் கொஞ்சம் தண்ணி குறைச்சுப் புதுசா வச்சு, ஃபேனுக்குக் கீழ பத்து நிமிஷம் பரப்புங்க. அதுக்கும் நேரம் இல்லையா, சேமியா இருக்கு. மூணு நிமிஷம் வேக வச்சு வடிச்சா நூடுல்ஸ் மாதிரியே பிரட்டலாம், அந்த மசாலா பாக்கெட் உப்பும் மிச்சம். (பழைய சோறு கெட்டதான்னு கமெண்ட்ல வருவீங்க, தெரியும். அது தண்ணி ஊத்திப் புளிக்க வைக்கிற வேற சமாச்சாரம், அதைத் தனியா எழுதுறேன்.)

அஜினோமோட்டோ? 1908ல ஜப்பான்ல இக்கேடாங்கிற விஞ்ஞானி கடல்பாசிச் சாறுல கண்டுபிடிச்ச சுவையோட உப்பு வடிவம். 1968ல ஒரு டாக்டர் மருத்துவ இதழுக்கு எழுதின ஒரு கடிதத்துலதான் அதைப் பத்தின பயமே பெருசாச்சு. சாதாரண அளவுல விஷம் இல்லை. அதுல சோடியம் 12 சதவீதம், சமையல் உப்புல 39. வீட்டுல போடணும்னு அவசியமும் இல்லை. என்னோட கவலை அதுக்குப் பக்கத்துல இருக்கிற சாஸ் பாட்டில் மேலதான்.

பிபி மாத்திரை சாப்பிடுறவங்க கவனிங்க. உப்பைக் குறைச்சாச்சுன்னு நீங்களா மாத்திரையை நிறுத்தாதீங்க. ஒரு மாசம் இப்படிச் சாப்பிட்டுட்டு, பிபி பார்த்து எழுதி வச்சு உங்க டாக்டர்கிட்ட காட்டுங்க. டோஸை அவர் முடிவு பண்ணட்டும்.